எதை எந்த ஊரில் வைப்பது?

விடுமுறைக்குச் சொந்த ஊர் சென்று திரும்பும் நம் அன்பர்கள் சொல்லும் செய்திகளில் இரண்டு தவறாமல் இடம்பெறும். "ஊர் அடையாளமே தெரியவில்லை, அவ்வளவு கட்டிடங்கள்" என்பது ஒன்று. "ஆனால் பையன்கள் யாரும் ஊரில் இல்லை, எல்லோரும் திருப்பூர், சென்னை என்று கிளம்பிவிட்டார்கள்" என்பது மற்றொன்று. கட்டிடம் வந்த ஊருக்குப் பிழைப்பு ஏன் வரவில்லை? நாமும் அப்படிக் கிளம்பி வந்தவர்கள்தான் என்பதால் இந்தக் கேள்வி நமக்குச் சற்று உறைக்கும். சிற்றூர்களின் தொழில் வளத்தையும், சுற்று வட்டாரத்துக்கான சேவை மையங்களையும் எப்படித் திட்டமிடுகிறார்கள், அதில் எங்கே இடறுகிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

முதலில் நாம் பேசும் ஊர் எது என்று தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். ஒரு தேரடி, ஒரு பேருந்து நிலையம், இரண்டு வங்கிகள், காவல் நிலையம், மேல்நிலைப் பள்ளி, வாரம் ஒரு நாள் சந்தை. எல்லையைத் தாண்டினால் நெல்லோ சோளமோ கருவேலங்காடோ. இதுதான் பேரூராட்சி. நம்மில் பலருடைய சொந்த ஊர் இதுவாக இருக்கும். இல்லாவிட்டால் இதற்கு ஐந்தாறு மைல் தள்ளியுள்ள ஒரு கிராமமாக இருக்கும். 2022-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது தமிழ்நாட்டில் இத்தகைய பேரூராட்சிகள் 490 இருந்தன. அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் (1992) இப்படிப்பட்ட ஊர்களைக் கிராமத்திலிருந்து நகரமாக மாறிக் கொண்டிருக்கும் பகுதிகள் என்று கருதி, நகர உள்ளாட்சிகளின் வரிசையில் சேர்த்தது.

இதில்தான் சங்கடம் தொடங்குகிறது. கிராமம் என்றால் கிராமத்துக்கான நிதி வரும். நகரம் என்றால் நகரத்துக்கான நிதி வரும். இரண்டுங்கெட்டான் ஊருக்கு எது வரும்? 2004-ல் தமிழக அரசு பேரூராட்சிகளைச் 'சிறப்புக் கிராம ஊராட்சிகள்' என்று பெயர் மாற்றியது. கிராமங்களுக்கான நிதியுதவி இவற்றுக்கும் கிடைக்கட்டும் என்பதே அதன் நோக்கம். 2006-ல் அவை மறுபடியும் பேரூராட்சிகளாயின. அதே 2006-ல் நூறு நாள் வேலைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அது ஊரகப் பகுதிகளுக்கு மட்டும் என்பதால், பேரூராட்சியின் கடைசித் தெருவில் குடியிருந்து அடுத்த ஊர் வயலில் களையெடுக்கும் பெண்ணுக்கு அதில் இடமில்லாமல் போயிற்று. வயல் வரப்பில் இரு பக்கமும் நின்ற இரண்டு பெண்களில் ஒருத்திக்கு வேலை அட்டை உண்டு, மற்றவளுக்கு இல்லை. 2022-ல்தான் தமிழக அரசு நகர்ப்புற வேலைத் திட்டம் ஒன்றைச் சோதனை முறையில் தொடங்கி, சில பேரூராட்சிகளையும் அதில் சேர்த்தது.

இனி, இந்த ஊர் எதனால் வாழ்கிறது என்று பார்ப்போம். உப்பும் தீப்பெட்டியும் வாங்க நாம் தெருமுனைக்கு மேல் நடக்க மாட்டோம். பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை எடுக்க நாலு மைல் பஸ்ஸில் போவோம். கல்யாணத்துக்குப் பட்டும் நகையும் என்றால் குடும்பத்தோடு கும்பகோணமோ மதுரையோ போவோம். எந்தப் பொருளுக்கு எவ்வளவு தூரம் போகலாம் என்று ஒவ்வொரு குடும்பமும் மனத்துக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கடைக்காரரிடமும் ஒரு கணக்கு உண்டு. இத்தனை குடும்பங்களாவது வந்தால்தான் வாடகை கட்டும் என்பது அவர் கணக்கு. இந்த இரண்டு கணக்கும் சந்திக்கும் இடத்தில்தான் கடைத்தெரு உண்டாகிறது. வால்டர் கிறிஸ்டாலர் என்ற ஜெர்மானியப் புவியியல் அறிஞர் தெற்கு ஜெர்மனியின் ஊர்களை ஆராய்ந்து 1933-ல் வெளியிட்ட நூலில் இதையே ஒரு கோட்பாடாக வகுத்தார். சிறிய ஊர்கள் பல, அவற்றுக்கு நடுவே ஓரளவு பெரிய ஊர், அத்தகைய ஊர்களுக்கு நடுவே ஒரு நகரம் என்று தேன்கூட்டின் அறைகளைப் போல அவர் படம் போட்டார். நம் நாட்டில் ஆறும் மலையும் சாதியும் குறுக்கே வருவதால் படம் அவ்வளவு ஒழுங்காக அமைவதில்லை. ஆனாலும் அடிப்படை சரிதான்.

அரசின் விதிகளிலும் இந்தக் கணக்கைக் காணலாம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 1,20,000 பேருக்கு ஒரு சமுதாய சுகாதார நிலையம் என்பது நாடு முழுவதற்குமான அளவுகோல். மலைப் பகுதிகளில் இது 3,000, 20,000, 80,000 என்று குறையும். எத்தனை பேருக்கு என்று இந்த விதி சொல்கிறது. எந்த ஊரில் என்று சொல்வதில்லை. அங்கேதான் அரசியல்வாதியின் செல்வாக்கும், இலவசமாகக் கிடைக்கும் நிலமும் உள்ளே நுழைகின்றன.

எந்த ஊரில் என்பதை முறையாகக் கண்டறிய நம் நாட்டில் நடந்த முன்னோடி முயற்சிகளில் ஒன்று, அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் நல்கொண்டா மாவட்டத்தில் மிரியாலகூடா தாலுகாவில் நடந்தது. ஐதராபாத்தில் இருந்த தேசிய சமூக வளர்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த லலித் சென் குழுவினரின் அந்த ஆய்வு 1971-ல் வெளிவந்தது. அவர்களுடைய முறையை இன்றும் எந்தப் பேரூராட்சியிலும் பள்ளி ஆசிரியர்களைக் கொண்டே செய்து பார்த்துவிடலாம். சுற்றுப்புறக் கிராமங்களை ஒரு தாளில் கீழ்வாட்டாக எழுதிக் கொள்ள வேண்டும். தபால் நிலையம், உரக்கடை, கால்நடை மருந்தகம், வங்கி, மேல்நிலைப் பள்ளி என்று மேல் வரிசையில் எழுதி, எந்த ஊரில் எது உண்டோ அங்கே ஒரு புள்ளி வைக்க வேண்டும். பிறகு வீடு வீடாகச் சென்று, எதற்கு எந்த ஊர் போகிறீர்கள் என்று கேட்டு, வரைபடத்தில் கோடு இழுக்க வேண்டும். கோடுகள் போய்க் குவியும் ஊர் எதுவோ அதுவே மையம். தாசில்தார் அலுவலகம் ஓர் ஊரிலும், கோடுகள் குவிவது வேறோர் ஊரிலும் இருப்பதுண்டு. நாலைந்து கோடுகள் எங்கேயும் குவியாமல் மாவட்டத் தலைநகருக்கே நீண்டு போனால், அந்தச் சேவை இந்த வட்டாரத்தில் அறவே இல்லை என்று பொருள். ஊர்க்காரர்கள் மனு எழுதும்போது சொல்ல மறந்த குறைகள்கூட இந்தப் படத்தில் தெரிந்துவிடும்.

நம் பக்கத்தில் இந்தக் கோடுகளை வாரம் தவறாமல் வரைந்து காட்டுவது சந்தை. அய்யலூரில் வியாழக்கிழமை, எட்டயபுரத்தில் சனிக்கிழமை என்று ஆட்டுச் சந்தை கூடுகிறது. இரண்டும் பேரூராட்சிகளே. டில்லியிலும் புத் பஜார், சோம் பஜார் என்று கிழமைக்கொரு தெருவில் கடை விரிப்பதைப் பார்க்கிறோம். ஆனால் அங்கே நாம் வாங்க மட்டுமே போகிறோம். கிராமத்துச் சந்தைக்கு வருபவர் முதலில் விற்கிறார், பிறகுதான் வாங்குகிறார். ஆடு விற்ற பணம் மடியில் இருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அவர் நகைக் கடனுக்கு வட்டி கட்டுவார், மாட்டுக்கு மருந்து வாங்குவார், மின் கட்டணம் செலுத்துவார், மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க இ-சேவை மையத்தில் மனு கொடுப்பார். ஒரே நடையில் ஏழு வேலை. ஒரு நாள் கூலியை இழந்து வருபவருக்கு இது சிறிய விஷயமல்ல.

ஆகவே சேவை மையம் என்பது ஒரு கட்டிடத்தின் பெயரன்று. பேருந்து நிலையம், சந்தைத் திடல், வங்கி, மருத்துவமனை, அலுவலகங்கள் யாவும் கூப்பிடு தூரத்தில் இருந்தால்தான் அது மையம். நடைமுறையில் என்ன செய்கிறார்கள்? ஊருக்குள் நிலம் கிடைப்பதில்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் புறம்போக்கு நிலம் கிடைக்கிறது. புதிய அலுவலகத்தை அங்கே கட்டித் திறப்பு விழாவும் நடத்திவிடுகிறார்கள். அரசுக்கு நில விலை மிச்சம். அந்த மிச்சத்தை ஆட்டோ கட்டணமாகக் கிழவிகள் ஆண்டாண்டு காலமும் கட்டிக் கொண்டிருக்கிறார்கள்! இந்த ஒரு தவறைத் தவிர்த்தாலே பாதித் திட்டம் நிறைவேறியதாகும் என்பது என் கருத்து.

சேவை மட்டும் போதுமா, வேலை வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். சென்னை கிண்டியில் 1958-ல் அமைந்த தொழிற்பேட்டை நன்கு நடந்ததைப் பார்த்து, கிராமப்புறத்திலும் கொட்டகைகள் கட்டிக் கொடுத்தால் தொழில் வந்துவிடும் என்று நாடெங்கும் நம்பினார்கள். பல இடங்களில் கொட்டகை மட்டுமே நின்றது. பழுது பார்க்கும் பட்டறை, உதிரிப் பாகக் கடை, சரக்கு வாங்கும் வியாபாரி இவர்கள் இல்லாத ஊரில் இயந்திரம் வைத்து ஒருவர் என்ன செய்வார்? ஏற்கெனவே அந்த வட்டாரத்தில் விளைவதையும் கைக்குப் பழகிய தொழிலையும் பிடித்துக் கொண்ட ஊர்களே நிலைத்தன. ஒட்டன்சத்திரத்தின் காய்கறிச் சந்தை சுற்றுக் கிராமங்களின் விளைச்சலைத் திரட்டிக் கேரளத்துக்கு அனுப்பியே வளர்ந்தது. சென்னிமலைப் பேரூராட்சி கைத்தறிப் போர்வையை வெளியூர்களுக்கு விற்கிறது. இரண்டிலும் வெளிப் பணம் ஊருக்குள் வருகிறது. பத்துத் துணிக்கடையும் நாலு செல்போன் கடையும் புதிதாகத் திறந்த ஊரில் கடைத்தெரு மினுங்கும். ஆனால் அங்கே உள்ளூர்ப் பணம்தான் வெளியே போகிறது. நாம் இங்கிருந்து அனுப்பும் பணமும் அந்த வழியாகவே போய்விடுகிறது. இந்த வேறுபாட்டைக் காணாத திட்டத்தால் பயனில்லை.

சாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல சாலை வந்தால் சிற்றூர் வளரும் என்பது பொதுவான நம்பிக்கை. அது இரு பக்கமும் ஓடும் என்பதை மறந்துவிடுகிறோம். மாவட்டத் தலைநகர் முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டால், துணிக்கும் வைத்தியத்துக்கும் நேரே அங்கே போய்விடுவார்கள். நடுவிலுள்ள சிற்றூர்க் கடைத்தெரு சோர்ந்துவிடும். கிராமத்தைச் சிற்றூரோடு இணைக்கும் சாலையும் பஸ்ஸும் இதற்கு நேர்மாறான பலன் தருகின்றன. 1997-ல் தமிழகத்தில் வந்த மினி பஸ் திட்டம் அப்படிப்பட்டது. 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டதையும் பெண்கள் நலத் திட்டமாகவே பேசுகிறோம். காய்கறிக் கூடையோடு அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போகும் பெண்ணின் கண் கொண்டு பார்த்தால் அது சந்தைக்கான திட்டமும் ஆகும்.

பெரிய அளவில் செய்யப்பட்ட முயற்சிகளும் உண்டு. நகர வசதிகளைக் கிராமத்துக்கே கொண்டு செல்வது என்ற அப்துல் கலாமின் 'புரா' திட்டம் அனைவரும் அறிந்தது. சாலை, தகவல் தொடர்பு, அறிவு ஆகிய இணைப்புகள் அமைந்தால் பொருளாதார இணைப்பு பின்தொடரும் என்றார் அவர். தஞ்சையை அடுத்த வல்லத்தில் பெரியார் மணியம்மை கல்வி நிறுவனம் அறுபதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் செய்த பணியை அவர் பல மேடைகளில் எடுத்துக்காட்டாகக் கூறினார். மத்திய அரசு 2004-ல் ஏழு மாநிலங்களில் சோதனையாகத் தொடங்கி, 2010-ல் தனியார் பங்கேற்புடன் திருத்தியமைத்தது, பெரிதாக வேரூன்றவில்லை. 2016 பிப்ரவரியில் தொடங்கிய 'ரூர்பன்' திட்டம், சமவெளியில் 25,000 முதல் 50,000 மக்கள் வரை உள்ள கிராமத் தொகுப்புகளாக 300 தொகுப்புகளை எடுத்துக் கொண்டது. தனிக் கிராமமாக அல்லாமல் தொகுப்பாகப் பார்த்ததே அதன் சிறப்பு. 2022 மார்ச்சுடன் அதன் காலம் முடிந்தது. அதன் தொகுப்புகள் ஊராட்சிகளால் ஆனவை. நாம் பேசும் பேரூராட்சியோ நகர உள்ளாட்சி.

முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பேரூராட்சியின் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் வருபவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர் வாக்காளர்கள் அல்லர். அவர்களுடைய கிராமங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் கீழ் வருகின்றன. பேரூராட்சி மன்ற உறுப்பினருக்குத் தம் வார்டின் சாக்கடையும் தெருவிளக்கும் முக்கியம். வெளியூர் ஆட்களுக்காக அவர் ஏன் பேச வேண்டும்? ஒன்றியக் குழு உறுப்பினருக்கோ பேரூராட்சி எல்லைக்குள் அதிகாரமில்லை. ஆனால் சந்தைக் குத்தகை, பேருந்து நிலையக் கட்டணம், கடை வாடகை என்று பேரூராட்சியின் வருமானத்தில் ஒரு நல்ல பகுதி அந்த வெளியூர்க்காரர்கள் தருவதே. இரண்டு தரப்பும் சேர்ந்து திட்டம் போட அரசியல் சட்டம் மாவட்டத் திட்டக் குழு என்ற ஒன்றை அமைத்திருக்கிறது. ஊராட்சிகளின் திட்டங்களையும் நகர உள்ளாட்சிகளின் திட்டங்களையும் இணைத்து ஒரே வரைவாகச் செய்வது அதன் கடமை. அந்தக் குழு கூடும்போது மேலே சொன்ன கோடு போட்ட வரைபடம் ஒன்று மேசை மேல் இருந்தால், எந்த ஊருக்கு எது என்ற வாதம் செல்வாக்கைச் சார்ந்திராமல் கணக்கைச் சார்ந்து நடக்கும்.

நம் சங்கங்களில் சொந்த ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நிதி திரட்டும் அன்பர்கள் உண்டு. பெரும்பாலும் அது அலங்கார வளைவாகவோ திருமண மண்டபமாகவோ முடிகிறது. 1997-ல் தொடங்கி, 2021-ல் மீண்டும் உயிர் பெற்ற 'நமக்கு நாமே' திட்டத்தில், ஒரு பணிக்கான செலவில் ஒரு பங்கை மக்கள் திரட்டித் தந்தால் மீதியை அரசு போடுகிறது. சந்தைத் திடலுக்குத் தளம் போடலாம்; கூரை, குடிநீர்த் தொட்டி, எடைமேடை அமைக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், விடியுமுன்னே கூடையோடு வந்து இறங்கி மாலை வரை உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குத் தண்ணீர் வசதியுடன் ஒரு கழிப்பறை கட்டலாம். பணி எந்த இடத்தில், எவ்வளவு மதிப்பீட்டில் என்பதைப் பேரூராட்சிச் செயல் அலுவலரிடம் கேட்டறியலாம். அடுத்த கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது சந்தை நாளாகப் பார்த்துப் போவது நல்லது.