சினை விட்ட மீனின் இரண்டாம் பயணம்

பசிபிக் பெருங்கடலின் சால்மன் மீன்கள் கடலில் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே எதிர்நீச்சலிட்டுத் திரும்பி, ஒரே ஒருமுறை முட்டையிட்டு மடிந்துவிடுபவை. அவற்றின் நெருங்கிய உறவான ஸ்டீல்ஹெட் மீனோ, முட்டையிட்ட பின்னும் பிழைத்துக் கடலுக்கு மீண்டு, உடல் தேறி, மறுமுறையும் ஆறேறும் ஆற்றல் பெற்றது. 'எஃகுத் தலை' என்று பொருள்படும் இப்பெயர் தமிழ் வாசகருக்குப் புதிதாக இருந்தாலும், மீன் அவ்வளவு அந்நியமானதன்று. ஆற்றிலேயே தங்கிவிடும்போது வானவில் டிரவுட் என்றும், கடலுக்குச் சென்று திரும்பும்போது ஸ்டீல்ஹெட் என்றும் வழங்கப்படுவது ஒரே இனந்தான். நீலகிரியின் அவலாஞ்சியில் 1907இல் எச். சி. வில்சன் நிறுவிய குஞ்சு பொரிப்பகத்தின் வழியாக அம்மலை ஓடைகளில் நிலைபெற்ற இந்த டிரவுட், தேயிலைத் தோட்டத்துரைமார்களின் தூண்டில் ஆசையால் மூணாறு மலைகளுக்கும் வந்து சேர்ந்தது.

மூணாற்றின் நீர் முதிரப்புழையாகிப் பெரியாற்றில் கலக்கிறது. 244 கிலோமீட்டர் நீளமுள்ள பெரியாற்றின் ஒரு கிளை, எர்ணாகுளத்துக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையே பரந்துள்ள கொச்சிக் காயலை அடைகிறது. ஆயினும் மூணாற்று டிரவுட் கொச்சிக் கடலைக் காணப்போவதில்லை. குளிர்நீரில் மட்டுமே நலமாக வாழும் அம்மீனுக்கு ஏறத்தாழ 25 பாகை செல்சியஸ் வெப்பமே உயிர்க்கேடாகும்; காயலின் நீரோ அதற்கும் மேலான வெப்பமுடையது.

கடலுக்குச் செல்ல வாய்த்த ஸ்டீல்ஹெட்டின் நிலையும் எளிதன்று. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றின் உள்நாட்டுக் கிளைகளுக்குரிய மீன்கள் கோடையில் ஆறேறத் தொடங்கி, அடுத்த இளவேனிலில்தான் முட்டையிடுகின்றன. அந்நெடிய இடைக்காலத்தில் பெரும்பாலும் உண்ணாமல், உடலில் சேர்த்த கொழுப்பையும் பின்னர் தசையையுமே கரைத்து வாழ்கின்றன. சினை விட்டு மெலிந்து, கடலை நோக்கி ஆற்றோடு இறங்கும் இந்த மீனைக் 'கெல்ட்' என்பர். இவற்றில் பெரும்பங்கு பெண்களே. ஆண்கள் முட்டையிடும் களத்திலேயே ஒன்றோடொன்று பொருதபடி நெடுநாள் தங்கி ஓய்ந்துவிடுகின்றன. இயற்கை விதித்த இச்சோதனையோடு மனிதன் எழுப்பிய அணைகளும் சேர்ந்துகொண்டன: ஸ்நேக் ஆற்றின் மேற்பகுதியிலிருந்து வரும் கெல்ட் எட்டு அணைகளைக் கடந்தாக வேண்டும். மீனை மேலேற்றப் படிவழிகள் அமைத்தவர்கள், முதிர்ந்த மீன் இறங்கி வருவதைப் பற்றி நெடுங்காலம் அக்கறை கொள்ளவில்லை.

இக்குறையை ஈடுசெய்ய யாக்கமா பழங்குடியினரும் கொலம்பியா ஆற்றுப் பழங்குடியினரின் மீன்வள ஆணையமும் வாஷிங்டன் மாநிலத்தின் பிராஸரில் மேற்கொண்டுவரும் முறையைத் 'தேற்றுதல்' எனலாம். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியமிட்டு உடம்பைத் தேற்றும் வழக்கமுடைய சமூகத்துக்கு அச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. யாக்கிமா ஆற்றின் பாசனக் கால்வாயில் இறங்கி வரும் கெல்ட்களைப் பிரித்தெடுத்துத் தொட்டிகளில் விடுகின்றனர். செவுள்களைப் பற்றிய ஒட்டுண்ணிகளுக்கும் தோலில் படரும் பூஞ்சைக்கும் மருந்திடுகின்றனர். பல மாதங்கள் உண்ணாதிருந்த மீன் செயற்கை உணவு உருண்டையை ஏறெடுத்தும் பாராது என்பதால், முதலில் கிரில் எனப்படும் இறால் போன்ற சிற்றுயிரைத் தந்து பசியைத் தூண்டி, பிறகே உருண்டைக்குப் பழக்குகின்றனர். ஏறக்குறைய பத்தில் நான்கு மீன்கள் பிழைக்கின்றன. தேறியவற்றை இலையுதிர் காலத்தில் ஆற்றில் விட, அவை மற்றக் காட்டு மீன்களோடு மேலேறுகின்றன. பிழைத்தவை எல்லாம் அவ்வாண்டே சினை பிடிப்பதுமில்லை. ஓராண்டைத் தவறவிட்டு அடுத்த ஆண்டில் முதிர்பவையும் உண்டு என்பதால், இரத்தத்தைச் சோதித்துச் சினையின் நிலையை அறிகின்றனர். அணைகளுக்கு இது மாற்றாகாது. புண்ணை வைத்துக்கொண்டு போடும் கட்டே. எனினும், ஒருமுறை கடலின் இடரெல்லாம் கடந்து மீண்ட தாயின் மரபு மறுமுறையும் ஆற்றில் சேர்வது சிறு பயனன்று.

கொச்சிக் காயலில் ஸ்டீல்ஹெட்டுக்கு நேர்மாறான பயணம் மேற்கொள்வது, மலையாளத்தில் காளாஞ்சி என்றும் தமிழில் கொடுவா என்றும் வழங்கும் மீன். நன்னீரிலும் காயலிலும் வளர்ந்து, முட்டையிட உப்புநீர் நாடிக் கடல்முகம் இறங்கும் இம்மீன், வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே கோடையில் அடைக்கப்படும் தண்ணீர்முக்கம் தடுப்பணையை எதிர்கொள்கிறது. இதன் வாழ்வில் மற்றொரு விந்தையும் உண்டு: முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்து, உடல் பெருத்த பின்னரே பெண்ணாக மாறும். ஆகவே ஒரு தாய்மீனை இழந்தால், அதன் இடத்தை நிரப்பப் பல ஆண்டுகள் ஆகும். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் கொடுவாவைச் செயற்கைச் சூழலில் முட்டையிடச் செய்தபோதும், தாய்மீன்களைத் தொட்டியில் ஆண்டுக்கணக்கில் பேணி, சிறுமீன்களை உணவாக அளித்து, இயக்குநீர் ஊசியிட்டு, அவற்றையே மீண்டும் மீண்டும் முட்டையிடச் செய்வதே முறையின் அடிப்படையாக இருந்தது. காயலில் வாழும் காளாஞ்சிக்கு அத்தகைய தொட்டியில்லை. பிராட்வே கடைத்தெருவை ஒட்டிய எர்ணாகுளம் சந்தைக்கு எட்டுக் கிலோவைத் தாண்டிய ஒன்று வந்து துண்டங்களாகும்போது, பெரும்பாலும் அது பெண்மீனாகவே இருக்கிறது.