ஈடும் கருணையும்

'ஈடு' என்னும் சொல்லுக்குச் சமம் என்பது பொருள். ஒருவர் செய்த தீங்கினால் மற்றொருவர்க்கு நேர்ந்த இழப்பை, அதற்குச் சமமானதைக் கொடுத்து நிரப்புவதே இழப்பீடு. பெறுபவர் இதனை உரிமையோடு கேட்கலாம். கொடுப்பவர் இதனைக் கடனாகச் செலுத்த வேண்டும். இதனோடு வேறொரு சொல்லும் செய்தித்தாள்களில் கலந்து வழங்குகிறது. அதுவே 'எக்ஸ் கிரேஷியா' என்பது. இலத்தீன் மொழியில் 'அருளினால்' என்பது அதன் பொருள். தவறு தம்முடையது என்று ஏற்காமல், இரக்கத்தால் கொடுப்பது கருணைத்தொகை.

இவ்வேறுபாட்டை நம் மாவட்டத்தில் நேர்ந்த துயரம் ஒன்று தெளிவாக்கும். 2024 ஜூன் திங்களில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் தமிழக அரசு 10 இலட்சம் ரூபாய் அறிவித்தது. "குடித்து இறந்தவனுக்குப் பத்து இலட்சமா?" என்று பலரும் முணுமுணுத்தனர், அதனை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது. அத்தொகை குடித்தவன் கைக்குச் செல்லவில்லை. அவன் விட்டுச்சென்ற மனைவி மக்களுக்கே சென்றது. மேலும், அது ஈடு அன்று. நிவாரணமாகக் கொடுக்கப்பட்ட கருணைத்தொகையே ஆகும்.

இனி, நம் கல்வராயன் மலைக்கு மேற்கே, சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தியை நோக்குவோம். கல்வராயன் மலைவாழ் மக்களைப் போலவே அவ்வூராரும் மலையாளிப் பழங்குடியினர். 1992 ஜூனில், சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வந்த வனத்துறையினர், காவல்துறையினர், வருவாய்த்துறையினர் அவ்வூரைச் சூறையாடினர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். 2011-இல் தருமபுரி நீதிமன்றம் 215 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது. 2023 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்து, அப்பெண்கள் ஒவ்வொருவர்க்கும் 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு அரசுக்கு ஆணையிட்டது. அதில் பாதியை வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்கவும் கூறியது.

தொகை இரண்டிடத்தும் ஒன்றே. ஆயின் வாச்சாத்திப் பெண்கள் பெற்ற தொகை, 'உங்களுக்கு இழைக்கப்பட்டது அநீதி. அதற்குப் பொறுப்பாளிகள் இன்னார்' என்று சொல்லிற்று. அதற்கு அவர்கள் 31 ஆண்டுகள் காத்திருந்தனர். கருணாபுரத்துத் தொகை சில நாட்களிலேயே வந்தது. ஆயினும் குற்றவாளி யார் என்பதை அது சொல்லவில்லை. அவ்விசாரணையை 2024 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது.

பசித்த வீட்டுக்குக் கருணை உடனே வேண்டும்; அதனை இகழ்தல் தகாது. ஆயினும் கருணை வந்ததால் ஈடு தீர்ந்தது என்று எண்ணுதலும் தகாது. நற்செய்தியில் வரும் சக்கேயு தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்கு என ஒதுக்கினார். தாம் ஏமாற்றியவர்க்கு நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார். தருமத்தையும் கடனையும் அவர் ஒரே கணக்கில் எழுதவில்லை.

நம் சட்டமும் இதற்கு வழி வைத்துள்ளது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்கும் திட்டம், 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது; 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் அது 396-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. குற்றவாளி யாரென்று கண்டறியப்படாத நிலையிலும், பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்தோரோ சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். இறந்தவரின் மனைவியும் மக்களும் இதில் அடங்குவர்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, இத்தகைய துயருற்ற வீடு உங்கள் தெருவிலும் இருக்கக்கூடும். அங்கு அரிசியும் ஆறுதலும் கொண்டு செல்லும் நீங்கள், அத்தாய்க்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, ஆணைக்குழு அலுவலகம் வரை உடன் செல்லுங்கள். அவள் அங்கே கேட்கப்போவது பிச்சை அன்று என்பதையும் அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.