மணல் எங்கே போகும், ஆமை எங்கே வரும்?

பங்குனி ஆமை ஒரு குழிக்கு நூறு முட்டை வரை, சில சமயம் அதற்கு மேலும் இடும். குழியை மூடிவிட்டுக் கடலுக்குப் போனால் திரும்பிப் பார்க்காது. அடுத்த 45 முதல் 60 நாள் வரை அடைகாப்பது மணல்தான்.

குஞ்சு ஆணா பெண்ணா என்பதும் மணலின் சூட்டைப் பொறுத்தது. சுமார் 30 டிகிரியைத் தாண்டினால் பெண் கூடும், குறைந்தால் ஆண் கூடும். மூக்கு நுனி முள்ளால் ஓட்டைக் கிழித்த குஞ்சு உடனே மேலே ஏறாது. மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் போகும்வரை குழியிலேயே கிடக்கும். பிறகு கூட்டமாகத் துடுப்பை உதைக்கும். கூரை மணல் சரிந்து அடியில் சேரச் சேரத் தரை உயரும். மொத்தக் கூட்டமும் லிஃப்டில் வருவது போல மேலே வரும். மேல்மணல் சுட்டால் அசையாமல் காத்திருந்து, இரவில் ஆறியதும் வெளியே கொட்டும்.

இத்தனைக்கும் ஆதாரமான மணல் வடசென்னையில் காசிமேட்டுப் பக்கம் எவ்வளவு மிச்சம்?

சென்னைக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டதும் அந்த ஓட்டம் மறிபட்டது. மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் கரைகளைக் கடல் அரித்தது. தடுக்கக் கருங்கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கற்சுவரான தூண்டில் வளைவு போட்டார்கள். வீடு தப்பியது என்று கரையோர மக்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் கருங்கல்லில் ஆமை குழி தோண்டாது.

தென்சென்னையில் நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை 1988 முதல் மாணவர்கள் இரவில் நடந்து முட்டைகளைப் பாதுகாக்கிறார்கள். அங்கே நடக்க மணல் இருக்கிறது.

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கு மேல் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது எல்லோரும் விசைப்படகின் இழுவலையைப் பேசினார்கள். பேச வேண்டியதுதான், மூச்சுவிட மேலே வர முடியாமல் ஆமை வலைக்குள் மூழ்கிச் சாகிறது. மீன்பிடித் தடை தொடங்கும் ஏப்ரல் 15-க்குள் முட்டையிடும் காலமே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆனால் வலையிலிருந்து தப்பிய ஆமை கரையேற இடம் வேண்டாமா?

புதுச்சேரியில் கடலடியில் செயற்கைத் திட்டு அமைத்து, கல்லாகக் கிடந்த கரையில் மணலை மீட்டிருக்கிறார்கள். வடசென்னையில் அடுத்த தூண்டில் வளைவுக்குத் திட்டம் போடும்போது, எத்தனை டன் கல் என்பதோடு எத்தனை அடி மணல் தங்கும் என்றும் எழுதச் சொல்ல வேண்டும். அந்த மணல் ஆமைக்கு மட்டுமல்ல. கட்டுமரம் ஏற்றவும் வலை உலர்த்தவும் காசிமேட்டுக்கும் வேண்டும்.