உங்களுக்குத் தெரியுமா? உப்புக்காற்றுச் சுவரும் பிரஷர் வாஷரும்

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கடலோர ஊரான காயல்பட்டினத்தில் கொட்டிய மழை 95 செ.மீ. இப்படிப்பட்ட பெருமழைக்குப் பின் கடலோர வீட்டின் வெளிச்சுவரில் பாசி படர்ந்தால், உடனே அழுத்தத்தில் நீர் பீய்ச்சும் பிரஷர் வாஷரைத் தூக்கிவிடாதீர்கள். கடற்காற்றின் உப்பு பூச்சுக்குள் ஊறியிருக்கும். ஈரம் பட்டால் கரையும், காய்ந்தால் படிகமாகிப் பூச்சைப் பொரியவைக்கும். விரிசலுக்குள் பீய்ச்சிய நீர் அந்த உப்பை இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோகும். சிமெண்ட் பூச்சென்றால் முதலில் விரிசலை அடைத்துக் காயவிடுங்கள். பிறகு விசிறிபோல் விரியும் முனையை மாட்டி, குறைந்த அழுத்தத்தில், இரண்டடி தள்ளி நின்று, மேலிருந்து கீழ்நோக்கி அடியுங்கள். சுவிட்ச், விளக்குப் பக்கம் வேண்டாம். உவர்நீர் வேண்டவே வேண்டாம்! பழைய சுண்ணாம்புக் காரைச் சுவருக்கு இந்த இயந்திரமே ஆகாது. மென்மையான பிரஷ்ஷும் நல்ல தண்ணீரும் போதும்.