சினைப் பூனையின் வெப்பக் கணக்கு

ராஜபாளையம் என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது என்ன? வெள்ளை வெளேரென்ற வேட்டை நாய். 2005-ஆம் ஆண்டில் அது தபால் தலையிலும் இடம் பெற்றது. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றாலோ ஆண்டாள் கோயில் கோபுரமும் பால்கோவாவும். இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அந்த வட்டாரத்து மாட்டுத் தொழுவங்களிலும், நெல்லும் பஞ்சும் அடைந்த கிட்டங்கிகளிலும் சம்பளமில்லாமல் வேலை பார்க்கும் ஒரு பிராணி உண்டு. அதைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. தொழுவத்துப் பூனையைத்தான் சொல்கிறேன்.

இந்த வேலையில் அது சேர்ந்தது நேற்று இன்றல்ல. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரின் அருகிலேயே பூனை ஒன்றைப் புதைத்திருந்தது 2004-இல் தெரிய வந்தது. மனிதன் தானியத்தைச் சேர்த்து வைத்தான்; எலி வந்தது; எலியைத் தேடிப் பூனை வந்தது. அதை யாரும் பிடித்து வந்து பழக்கவில்லை. தானாகவே வந்து ஒட்டிக்கொண்ட விருந்தாளி அது.

2022 கார்த்திகையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் எங்கள் பெரியப்பா வீட்டுத் தொழுவத்துக்கும் அப்படி ஒரு விருந்தாளி வந்தது. வயிறு தொங்கிய கறுப்பு வெள்ளைப் பூனை. மூன்று நாள் கழித்து, காடிக்குப் பின்னால் வெறும் சிமெண்டுத் தரையில் நான்கு குட்டிகள் போட்டது. மறுநாள் காலையில் ஒரு குட்டி மட்டும் விலகிக் கிடந்தது. தொட்டால் சில்லென்றிருந்தது. வீட்டுப் பிள்ளைகள் பதறிப்போய் அதை மல்லாத்திப் பிடித்து, பாலாடையில் பசும்பால் புகட்டினார்கள். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மதியத்துக்குள் குட்டி இறந்துவிட்டது.

கறவை மாடு நிற்கிற வீட்டில், பால் கொடுத்தும் ஏன் இறந்தது? பௌதிகம் நடத்துகிறவனுக்கு இந்த விடை அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். பிறந்த குட்டியின் எடை ஏறக்குறைய 100 கிராம். தாயின் எடை 2,700 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையில் தாய் 27 மடங்கு. உருவம் ஒன்றேயானால் நீளத்தில் 3 மடங்கு, உடம்பின் மேற்பரப்பில் 9 மடங்கு. வெப்பத்தை உண்டாக்குவது உடம்பின் நிறை. வெளியே விடுவது மேற்பரப்பு. ஆகவே ஒவ்வொரு கிராம் உடம்புக்கும் தாயைப் போல 3 மடங்கு மேற்பரப்பு குட்டிக்கு இருக்கிறது. பெரிய அண்டாத் தண்ணீரைவிட டம்ளர் தண்ணீர் சீக்கிரம் ஆறுவதும் இதே காரணத்தால்தான். போதாக்குறைக்கு, முதல் வாரத்தில் குட்டிக்கு நடுங்கத் தெரியாது. நமக்குக் குளிரில் உடம்பு நடுங்குகிறதே, அது தசைகள் செய்யும் வெப்ப உற்பத்தி. அந்த வசதி குட்டிக்குப் பின்னால்தான் வருகிறது.

அப்படியானால் குட்டிகள் பிழைப்பது எப்படி? நான்கு சாக்கட்டிகளைக் கனசதுரமாக வெட்டித் தனித்தனியே வையுங்கள். மொத்தம் 24 முகங்கள். அவற்றை இரண்டிரண்டாகச் சதுரமாக ஒட்டி வைத்தால் வெளியே தெரிவது 16 முகங்கள்தான். மூன்றில் ஒரு பங்கு வெப்ப இழப்பு மிச்சம்! குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடப்பது இந்தக் கணக்கினால்தான்; கூடத் தாயின் வயிறும் இருக்கிறது. சிமெண்டு வெப்பத்தை விரைவாக இழுத்துவிடும். வைக்கோல், துணி இவற்றின் இடுக்கில் சிக்கிய காற்றோ எளிதில் கடத்தாது.

விலகிப் போன குட்டியின் உடம்பு 34 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் குடல் அசைவு நின்று போகும். சப்பும் சக்தியும் குறையும். அப்போது ஊற்றும் பால் செரிக்காமல் தங்கும், அல்லது நுரையீரலுக்குள் போகும். மல்லாத்திப் புகட்டினால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆகையால் முதலில் சூடு, பிறகுதான் பால். வெந்நீர் நிறைத்த பாட்டிலைத் துணியில் சுற்றி அணைத்து வைத்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். அடுப்பருகே வைத்து அவசரப்படுத்தக் கூடாது. குட்டி சூடானதும் தாயிடமே விடுவது உத்தமம். தாய் இல்லையென்றால், பால் கொடுக்கும் வேறொரு பூனை பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். பசும்பால் சரியான மாற்று அல்ல. பூனைப் பாலில் புரதம் ஏறக்குறைய இரு மடங்கு. குட்டிகளுக்கென்றே பால் பவுடர் விற்கிறது. அதைக் குப்புறப் படுத்த நிலையில்தான் குடிக்க வைக்க வேண்டும்.

அன்று மாலையே ஓர் அட்டைப் பெட்டியை எடுத்தோம். வாசலாக ஒரு பக்கம் வெட்டி, குட்டி உருண்டு விழாதபடி அரை அடி உயரம் விட்டோம். உள்ளே வைக்கோல், அதன்மேல் பழைய வேட்டி. (ராஜபாளையத்தில் பஞ்சுக் கழிவு தாராளமாகக் கிடைக்கும், ஆனால் நூல் குட்டியின் காலிலும் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும், வேண்டாம்.) முதல் வாரம் பெட்டிக்குள் 30 டிகிரி இருந்தால் நல்லது. பக்கத்தில் தண்ணீரும், முள் நீக்கிய வேகவைத்த மீனும். பாலூட்டும் பூனை வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தின்னும். சோறு போட்டால் எலி பிடிக்காது என்று பெரியவர்கள் சொல்வது சரியல்ல. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும்.

பூனை குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏழு வீடு மாறும் என்பார்கள். ஏழோ எட்டோ, அடிக்கடி எட்டிப் பார்த்துத் தொல்லை கொடுத்தால் மாறும்தான். பிடரித் தோலைக் கவ்வியதும் குட்டி கை காலை ஒடுக்கி அசையாமல் தொங்கும். குட்டியைத் தாய்ப் பூனையே சுமப்பது போல அடியாரை இறைவன் சுமக்கிறான் என்று தென்கலை வைணவர்கள் சொல்லும் ‘மார்ஜார நியாயம்’ ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குப் புதிதல்ல.

இன்னொன்று. மலையடிவாரக் கரும்புத் தோட்டத்தில் குட்டிகளைக் கண்டால் தொடாதீர்கள். அவை காட்டுப்பூனைக் குட்டிகளாக இருக்கலாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றுக்கு உண்டு. வீட்டுப் பூனைக் குட்டிகளானாலும், உடம்பு சூடாகத் தூங்கிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். தாய் இரை தேடப் போயிருக்கும். பூனை கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

மீந்த மூன்று குட்டிகளும் பத்தாம் நாள் வாக்கில் கண் திறந்தன. நாலாவது வாரம் மீன் தின்னத் தொடங்கின. கோணியில் கட்டிச் சந்தையில் விட்டுவிடலாம் என்றார் ஒருவர். அப்படிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். இரண்டு மாதம் நிறைந்ததும் ஒன்று ராஜபாளையத்தில் ஒரு நெல் கிட்டங்கிக்கும், மற்றவை தெரிந்த வீடுகளுக்கும் போயின. பெட்டைக் குட்டி நாலைந்து மாதத்திலேயே சினைப்படலாம். சினைக்காலமோ ஒன்பது வாரம்தான். அதனால் பால் மறந்ததும் தாய்க்குக் கால்நடை மருத்துவரிடம் கருத்தடை அறுவை செய்தாயிற்று. அடுத்த கார்த்திகையில் நான் போனபோது, அதே காடியின் விளிம்பில் படுத்து எலி வளையைப் பார்த்துக்கொண்டிருந்தது.