பழைய மரத்துக்குப் புது நிறம்: உப்புத்தாளைத் தொடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

திருநெல்வேலிச் சீமையின் பழைய வீடுகளில் மரச்சாமான்கள் இன்னும் மிச்சமிருக்கின்றன. தேக்கு ஊஞ்சல் பலகை, தோதகத்திக் கட்டில், பித்தளைப் பூண் போட்ட பெட்டி, பல்லாங்குழி, அம்பாசமுத்திரத்துச் சொப்பு சாமான், எங்கோ ஒரு வீட்டில் தாத்தா விட்டுச்சென்ற புகையிலைச் சுங்கான். இவற்றைத் தேய்த்துப் பாலிஷ் போடுவது முன்பெல்லாம் ஆசாரியின் வேலை. இப்போது கைபேசியில் காணொளி பார்த்துவிட்டு வீட்டுக்காரர்களே தின்னரும் சாயமும் வாங்கிவந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பழையதைக் குப்பையில் போடாமல் காப்பாற்றுவது நல்ல காரியம். ஆனால் மரத்தின்மேல் ஏற்கெனவே என்ன பூசியிருக்கிறது, கையிலிருக்கும் பாட்டிலில் என்ன இருக்கிறது என்ற இரண்டும் தெரியாமல் இறங்கினால், அதற்கான விலையை உடம்பு கொடுக்க வேண்டியிருக்கும்.

பழைய பெயின்டில் ஈயம்

வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று மத்திய அரசு 2016-இல் விதி செய்தது. அது 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய பச்சை, மஞ்சள், சிவப்பு எனாமல் பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தில் ஒட்டியிருக்கும்வரை அது பெரிதாகத் தொந்தரவு செய்யாது. உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தால் பொடியாகப் பறந்து தரையிலும் துணியிலும் படியும். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவுவரை ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆகவே பழைய பெயின்டை நனைத்து வாட்டர் பேப்பரால் தேயுங்கள். தீ காட்டி உரிக்காதீர்கள். வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள். துடைப்பத்தால் கூட்டினால் பொடி மறுபடி பறக்கும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரவேண்டாம்.

தூசி, ஆவி, தீ

மரத்தூள் சாதாரணப் பொருளில்லை. அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. தோதகத்தித் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் மூச்சிரைப்பையும் கொண்டுவரும். கைக்குட்டை கட்டினால் போதாது. என்-95 முகக்கவசம் வேண்டும்.

தின்னர், டர்பன்டைன், ஸ்பிரிட் மூன்றின் ஆவியும் தீப்பிடிக்கும். சமையலறையிலும் பூஜை விளக்கு எரியும் இடத்திலும் இவற்றைத் திறக்காதீர்கள். பெயின்டை உரிக்கும் திரவங்களில் மெத்திலின் குளோரைடு கலந்தவை இன்னும் கொடியவை. மூடிய அறையில் அதைச் சுவாசித்து உயிரிழந்தவர்கள் இருப்பதால், அமெரிக்கா 2019-இல் வீட்டு உபயோகத்துக்கு அதை விற்கத் தடை விதித்தது.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடுவது பலரும் அறியாத ஆபத்து. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். துணியை விரித்து வெளியில் உலர்த்துங்கள். இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.

சுங்கானை எப்படிக் கையாள்வது?

சுங்கானின் வெளிப்புற மரத்துக்கு மட்டுமே நிறமேற்ற வேண்டும். கிண்ணத்தின் உட்புறத்திலும் வாயில் வைக்கும் முனையிலும் சாயமோ வார்னிஷோ படக்கூடாது. உள்ளே படிந்த கரியிலும் பிசினிலும் நிகோடின் தங்கியிருக்கும். கையுறை போட்டுச் சுரண்டுங்கள், குழந்தைகள் எடுத்து வாயில் வைக்காதபடி பூட்டி வையுங்கள். முனை கருப்பு எபோனைட் என்றால், வெயிலும் வெளிச்சமும் பட்டுப் பச்சை கலந்த பழுப்பாக மாறியிருக்கும். மிக மெல்லிய வாட்டர் பேப்பரால் தேய்த்தால் கருமை திரும்பும்; வெந்நீரில் போடாதீர்கள். எவ்வளவு பளபளப்பாக்கினாலும் சுங்கான் புகை வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்பது மாறாது. அதை நினைவுப் பொருளாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

குறைந்தது 100 ஆண்டுப் பழமையான கலைப்பொருள்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டத்தின்கீழ் வரும். மரச்சிற்பம் போன்ற சில வகைகளை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். தொல்பொருளை விற்பனைத் தொழிலாகச் செய்ய உரிமம் தேவை. தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது; மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறை. இப்படிப்பட்ட பொருளைத் தேய்த்துப் புதிதாக்குவது அதன் சான்றையே அழிப்பதாகும். சந்தேகமிருந்தால் தொல்லியல் துறையிடம் காட்டிய பிறகு தொடுங்கள்.

பெட்டியிலோ சுங்கானிலோ யானைத்தந்தப் பூண் இருந்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். உரிமைச் சான்றிதழ் இல்லாமல் தந்தம் வைத்திருப்பது குற்றம்; விற்பது எப்படியும் குற்றம். மாவட்ட வன அலுவலகத்தை அணுகுங்கள். தோதகத்தி உள்ளிட்ட டால்பெர்ஜியா மரவகைகள் 2017 ஜனவரி முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு மரச்சாமான் அனுப்பும் முன் எந்த ஆவணம் தேவை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்குபவரின் உரிமை

பெயின்ட், தின்னர், வார்னிஷ் எதுவானாலும் பொட்டலத்தில் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, அளவு, தயாரித்த மாதம், அதிகபட்ச சில்லறை விலை, புகார் செய்ய வேண்டிய தொடர்பு ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும். பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தரும் தின்னரில் இவை எதுவும் இருக்காது. நாளை தோல் வெந்தாலும் யாரைக் கேட்பது? உதிரியாக வாங்காதீர்கள், பில் இல்லாமலும் வாங்காதீர்கள்.

பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைக் கலைஞர்களுக்கு விலக்கு உண்டு. அவர்களிடம் சொப்பு சாமான் வாங்கும்போது அரக்குச் சாயமா, எனாமலா என்று கேட்பது உங்கள் உரிமை. பழைய சொப்புக்கு வீட்டில் நிறமேற்றிக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள்.

பொருளிலோ, பாலிஷ் போட்டவரின் வேலையிலோ குறையிருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அங்கு தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணமும் இல்லை. பில், டப்பா, புகைப்படம், மருத்துவச் சீட்டு நான்கையும் பத்திரப்படுத்துங்கள்.

விபத்து நேர்ந்தால்

தின்னரையோ டர்பன்டைனையோ குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போனால் நிலைமை மோசமாகும். உப்புத்தண்ணீர், எண்ணெய் எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழைத்து, டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்டு என்று நாம் சொல்லும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டுப் புறப்படுங்கள்.

பாலிஷுக்கான ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கலாம். 2024-இல் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது அந்த மெத்தனால்தான். கொஞ்சம் உள்ளே போனாலும் பார்வை பறிபோகக்கூடும். குடித்தது தெரிந்தால் மயக்கம் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

தாமிரபரணிக்கு ஒரு வார்த்தை

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும்வரை தாமிரபரணி பல ஊர்களுக்குக் குடிநீர். பிரஷ் கழுவிய தின்னரையும் சுரண்டிய பெயின்டையும் வாய்க்காலிலோ படித்துறையிலோ கொட்டாதீர்கள். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி அதற்குத் தடையும் உண்டு. மிச்சத்தை மூடிய டப்பாவில் சேர்த்து, அபாயக் கழிவு என்று எழுதி, தூய்மைப் பணியாளரிடம் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். அவர் கையும் நம் கைதான்.

முன்னோர் விட்டுச்சென்ற மரத்தைக் காப்பாற்றுங்கள். சின்ன வேலை என்றால் முகக்கவசம், கையுறை, திறந்த வெளி, பெயர் அச்சிட்ட டப்பா ஆகியவற்றோடு நீங்களே செய்யலாம். பெயின்டின் வயது தெரியவில்லை என்றால் தொழில் தெரிந்த ஆசாரியைக் கூப்பிடுங்கள். அவர் கேட்கும் கூலியைக் கொடுங்கள், அவருக்கும் ஒரு முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.