பின்னிணைப்பில் இருந்த திருகோணமலை

1987 ஜூலை 29இல் கொழும்பில் கைச்சாத்தான இலங்கை–இந்திய ஒப்பந்தத்தைப் பற்றி வாதாடாதவர் எம்மவர் மத்தியில் இல்லை. லாச்சப்பல் தேநீர்க் கடைகளில் அது இன்னும் ஆறாத விடயம். ஆனால் வாதம் முழுவதும் ஒப்பந்தத்தின் உடலைச் சுற்றியே நடக்கிறது: வடக்கு–கிழக்கு இணைப்பு, மாகாண சபை, ஆயுதக் கையளிப்பு. அதே நாளில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்த்தனாவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களை ஊன்றிப் படித்தவர்கள் சிலரே. நானும் விரிவுரையாளனாக இருந்த காலத்தில் அவற்றைப் ‘பின்னிணைப்பு’ என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் கடந்துபோனவன்தான்.

அக்கடிதங்கள் எதைப் பேசுகின்றன? இலங்கையில் உள்ள வெளிநாட்டு இராணுவ, உளவுத்துறை ஆட்களைப் பற்றி. திருகோணமலையோ வேறெந்தத் துறைமுகமோ இந்தியாவின் நலனுக்குப் பங்கமான முறையில் எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் விடப்படாது என்பது பற்றி. திருகோணமலை எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் கூட்டாகத் திருத்தி இயக்குவது பற்றி. வெளிநாட்டு வானொலி நிலையங்களுடனான உடன்பாடுகளை மீளாய்வு செய்வது பற்றி (அமெரிக்காவின் குரல் என்று வாசிக்கவும்). பதிலுக்கு இந்தியா, தன் மண்ணில் பிரிவினை பேசும் இலங்கையரை நாடு கடத்துவதாகவும் இலங்கைப் படைகளுக்குப் பயிற்சியும் தளபாடமும் தருவதாகவும் வாக்களித்தது. 1983இன் பின் எமது இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்ததும் இதே அரசுதான்.

இதில் முரண்பாடு இருப்பதாக நான் இப்போது கருதவில்லை. 1971 ஓகஸ்டில் சோவியத் யூனியனுடன் நட்புறவு உடன்படிக்கை செய்துகொண்ட டில்லிக்கு, 1977இல் பதவிக்கு வந்த ஜே.ஆரின் மேற்குச் சாய்வு பெரும் உறுத்தலாக இருந்தது. 1984இல் கொழும்பு அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலிய நலன் காக்கும் பிரிவு திறக்கப்பட்டது. விசேட அதிரடிப்படைக்குப் பிரித்தானியக் கூலிப்படையினர் பயிற்சி கொடுத்தனர். பாகிஸ்தானும் உதவியது. ஜே.ஆரை இந்தப் பக்கங்களிலிருந்து திருப்பி எடுக்க ஓர் அழுத்தம் தேவைப்பட்டது. அந்த அழுத்தம் நாங்கள். 1983 ஜூலையில் எரிந்த வீடுகளும் வெலிக்கடைப் படுகொலையும் தமிழ்நாட்டில் எழுந்த அனுதாபமும் உண்மையானவை. ஆனால் அனுதாபம் வேறு, அரசின் கணக்கு வேறு. அந்தக் கணக்கில் தமிழீழம் எந்தக் கட்டத்திலும் விடையாக இருந்ததில்லை.

இது எனக்கு நூலகத்தில் விளங்கவில்லை, தொழிற்சாலையில்தான் விளங்கியது. பொதி கட்டும் பகுதியில் என் பக்கத்தில் நிற்பவர் ஈராக்கியக் குர்தியர், என்னிலும் ஏழெட்டு வயது மூத்தவர். இருவருக்கும் இடையே உடைந்த பிரெஞ்சு. ஒருநாள் இரவு வேலை இடைவேளையில் கேட்டார்: “எமக்கு எழுபத்தைந்து. உங்களுக்கு எந்த ஆண்டு?” எண்பத்தேழு என்றேன். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அவர் சொன்ன எழுபத்தைந்து இதுதான். 1972 ஏப்ரலில் ஈராக் சோவியத்துடன் உடன்படிக்கை செய்தது. ஒரு காலத்தில் சோவியத்தில் பதினொரு ஆண்டுகளுக்கு மேல் அஞ்ஞாதவாசம் இருந்த முல்லா முஸ்தபா பர்சானிக்கு அதே ஆண்டில் அமெரிக்கா, ஈரானின் ஷா ஊடாக, இரகசியமாக ஆயுதமும் பணமும் கொடுக்கத் தொடங்கியது. 1975 மார்ச் 6இல் அல்ஜியர்சில் ஷாவும் சதாம் ஹுசைனும் ஷட்–அல்–அரப் ஆற்று எல்லையைப் பற்றி உடன்பட்டனர். உதவி உடனே நின்றது, கிளர்ச்சி சரிந்தது, பல்லாயிரம் பேர் எல்லை தாண்டினர். குர்தியர் வெல்வதை அவர்களின் புரவலர்கள் ஒருபோதும் விரும்பவில்லை, ஈராக்கை இளைக்கச் செய்வதே நோக்கம் என்பதை அமெரிக்கக் காங்கிரசின் பைக் குழு அறிக்கை மறு ஆண்டே அம்பலமாக்கியது. அங்கே ஓர் ஆறு, இங்கே ஒரு துறைமுகம்.

இவ்வளவையும் டில்லி மீதும் வாஷிங்டன் மீதும் போட்டுவிட்டு எழும்பிப்போவது எனக்கு ஒப்பவில்லை. மலையகத் தமிழரை எடுத்துக்கொள்வோம். 1964 ஒக்ரோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, 150,000 பேரைப் பிறகு பார்ப்பதாக விட்டுவைத்தது. சீனாவுடனான போர் முடிந்து இரண்டு ஆண்டுகள். டில்லிக்குக் கொழும்பின் நட்பு தேவைப்பட்ட நேரம். பங்கிடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. 1977 வன்செயலில் அடிபட்டு வடக்கே வந்த அம்மக்களைக் காந்தியம் அமைப்பு எல்லைப்புறப் பண்ணைகளில் குடியேற்றியது. அதன் டாக்டர் இராஜசுந்தரம் போன்றோரின் தொண்டை நான் குறைக்கவில்லை. அவர் 1983இல் வெலிக்கடையில் கொல்லப்பட்டார். ஆனால் எல்லையைத் தமிழ்த் தலைகளால் நிரப்பலாம் என்ற கணக்கும் யாழ்ப்பாணத்து மனங்களில் இருந்தது. எம் வீட்டுத் திண்ணையிலேயே சிறுவயதில் கேட்டிருக்கிறேன். 1984இல் கென்ற், டொலர் பண்ணைகளிலிருந்து அவர்கள் விரட்டப்பட்டனர். அரசு அங்கே சிங்களச் சிறைக்கைதிகளைக் குடும்பங்களோடு கொண்டுவந்து வைத்தது. நவம்பர் 30இல் புலிகள் தாக்கினர். செத்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். இரு தரப்பும் ஏழைகளைத்தான் வேலிக்கதியாலாக நட்டன. 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் துரத்தியபோது பனிப்போரே முடியும் தறுவாய். அதற்கு எந்த வல்லரசையும் நாம் சாட்டுக்கு இழுக்க முடியாது.

ஒப்பந்தத்தின் உடலுக்கு என்ன நடந்தது? திருகோணமலையில் இயங்கிய வடக்கு–கிழக்கு மாகாண சபை 1990 மார்ச்சில் இந்தியப் படையின் கடைசிக் கப்பல்கள் அதே துறைமுகத்திலிருந்து புறப்பட்டபோது கலைந்தது. இணைப்பை 2006இல் உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. 2013இல் தெரிவான வடக்குச் சபை, பொலிசோ காணியோ கைக்கு வராமலே 2018இல் ஆயுள் முடிந்துபோனது. எண்ணெய்க் குதங்களுக்கோ 2022 ஜனவரியில் ஒப்பமிட்டார்கள். 61 தாங்கிகள் இரு நாட்டுக் கூட்டுக் கம்பனிக்கு.

அச்செய்தியை வேலைத்தலத்தில் சொன்னபோது குர்தியர் மொத்தம் எத்தனை தாங்கிகள் என்று கேட்டார். தொண்ணூற்றொன்பது என்றேன். தலையாட்டிவிட்டுப் பொதியைக் கட்டினார்.